மலைக்கு அந்தாண்ட இருபது நிமிஷம்

செப். 27, சனி

காலையில் மூட்டம். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். மாடி அறை பெருக்கி, போர்வை இரண்டும் துவைத்துக் காயப்போட்டாயிற்று.

வாங்க வேண்டியது: பச்சை வேர்க்கடலை, வாழைக்காய், கொசுவர்த்தி, இவருக்கு பி.பி. மாத்திரை.

மதியம் மகன் நேமி வந்து பேத்தி தரணியை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே சென்னை திரும்பினான். காலாண்டு லீவு. ஒன்பது வயது. அப்பா அம்மா இல்லாமல் எங்களோடு தங்குவது இதுதான் முதல் தடவை. அடுத்த ஞாயிறு வரை. அதற்குள் மருமகள் போனில் மூன்று முறை. "அத்தே, இருக்கமாட்டேன்னா சொல்லுங்க, வந்து கூட்டிக்கிறோம்." அதெல்லாம் இருப்பாள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

மா. 5.20. நானும் இவரும் சாப்பிட்டு முடித்தோம். பொழுது போனபின் வாயில் எதுவும் போடுவதில்லை. எங்கள் ஜைனக் குடும்பத்தில் பரம்பரையாக வருவது. தரணிக்கு அந்நேரம் பசியில்லை. எட்டு மணிக்குத் தோசை வார்த்துப் போட்டேன். "நீ சும்மா பாத்துனே இருக்க ஆயா. எனக்கு ஒரு மாதிரி இருக்குது." பாதித் தோசையோடு எழுந்துவிட்டாள்.

செப். 28, ஞாயிறு

மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்து சீட்டு அம்மாள்: "பேத்தியா? மூக்கு அப்டியே தாத்தா மூக்கு." இவர் ஊர் வரும்வரை மூக்கைத் தடவிக்கொண்டே வந்தார். கோயிலில் தரணி சமர்த்தாகக் கும்பிட்டாள். வெளியே வந்து வெள்ளரிப் பிஞ்சு. என் முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கும் ஒரு கும்பிடு.

சாயங்காலம் மறுபடி அதே கதை. எட்டு மணிக்கு அவள் மட்டும், தட்டு மட்டும். பிறகு போனில் அம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது. "எல்லாம் ஜாலிதாம்மா. சாப்பாடுதான். தனியா சாப்ட போரா இருக்கு. இவங்க ரெண்டு பேரும் என்கூட சாப்டவே மாட்றாங்க."

ஆசையாக வரவழைத்துவிட்டுப் பிள்ளையைத் தனியாகச் சாப்பிட வைக்கிறேன். மனசு கேட்கவில்லை. ஆனாலும் இத்தனை வருஷத்து நியமம். கை வராது.

செப். 30, செவ்வாய்

வேர்க்கடலை அவித்தேன். முக்கால் படி காலி. தோல் முழுக்க இவர் நாற்காலிக்கு அடியில். கேட்டால் தரணி போட்டாளாம்.

5.15க்கு எங்களோடு தட்டு போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய். "பசிக்கல ஆயா. ஏன் இவ்ளோ சீக்கிரம்?" பொழுது போய்விடும் என்றேன். தாத்தா போனை எடுத்து எதையோ தட்டினாள். "ஆறு மணி நாலு நிமிஷத்துக்குத்தான் சன்செட்னு போட்டிருக்கு."

வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். எங்கள் தெருவுக்கு நேர் மேற்கே ராஜகிரி மலை, அதன் மேல் கோட்டை. 5.40 ஆனால் சூரியன் கோட்டைக்குப் பின்னால் போய்விடும், தெரு முழுக்க நிழல். 'மலை மேல வெயில் இருக்கறப்பவே தட்டு கழுவிடணும்' என்பது மாமியார் போட்ட சட்டம். கல்யாணமாகி வந்த முதல் நாளே சொன்னார்.

தரணி இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஆயா, அது மறையல. மலைக்குப் பின்னாடி நிக்குது. அவ்ளோதான்."

இந்தச் சட்டப்படி நாற்பத்தொரு வருஷம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் சட்டென்று எழுந்து மோட்டார் போடப் போனார். தொட்டி நிறைந்துதான் இருந்தது. எதற்கு மோட்டார்?

"அப்ப மலைக்கு அந்தாண்ட போய் சாப்டலாம். மூணு பேரும். அங்க சூரியன் இருக்கும்ல?" என்றாள். சூரியனை என் கண்ணால் பார்த்தால்தான் சாப்பிடுவேன் என்று சொல்லிவைத்தேன்.

அக். 1, புதன்

மதியம் வரை நல்ல வெயில். புளிசாதம், தயிர்சாதம், வாழைக்காய் வறுவல். தூக்கு கழுவி அடுக்கினேன். 5.20க்கு ஸ்கூட்டரில் மூன்று பேர், தரணி முன்னால் நின்றுகொண்டு. கோட்டைப் பக்கம் குரங்குகள். "ஆயா, தூக்க கெட்டியா புடிச்சிக்க."

திருவண்ணாமலை ரோட்டில் ராஜகிரிக்கும் பக்கத்து மலைக்கும் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போனால், மேற்கே கன்னங்கரேல் என்று மேகம். ரோட்டோரம் காத்திருந்தோம். தரணி போனை நீட்டினாள். "இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. மேகத்துக்குப் பின்னாடி இருக்கு ஆயா, சத்தியமா."

இருக்கும்தான். ஆனாலும் கண்ணில் படவில்லை. நான் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்து இவரும் சாப்பிடவில்லை. தூக்கு மூடியபடியே வீடு திரும்பியது. வழியில் தூறல்.

தரணி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அழுதாள். "என்னாலதான் நீங்க ரெண்டு பேரும் பட்டினி." ஒரு வேளை சாப்பிடாவிட்டால் இந்த உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. போனில் அம்மாவிடமும் அழுதிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து கூட்டிப்போகிறேன் என்றான் நேமி. "அவள டென்ஷன் பண்ணாதீங்கம்மா." நான் எங்கே டென்ஷன் பண்ணினேன். இனி நாளை ஒரு நாள்தான்.

அக். 2, வியாழன்

கா. 5.30 எழுந்து முதலில் பார்த்தது வானத்தை. துடைத்துவிட்ட மாதிரி. பகலெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். இவர்: "நீ மொறச்சிப் பாத்தா மேகம் வராதா இன்னா?"

மா. 5.45. அதே ரோடு. வேலமரத்தடியில் வண்டியை நிறுத்தித் திரும்பினால், கடலைக்கொல்லைக்கு மேலே முழு வட்டமாக நின்றுகொண்டிருந்தது. தட்டில் வைத்து நீட்டின மாதிரி. வீட்டில் இந்நேரம் நிழல் விழுந்து, பாத்திரம் கழுவியிருப்பேன்.

துண்டை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். கடலை பிடுங்கிவிட்டுப் போன பெண் ஒருத்தி நின்றாள். "இன்னாம்மா, ரோட்டுல சாப்பாடு? வூட்ட வுட்டுத் தொரத்திட்டாரா?" "இல்லம்மா, நான்தான் இவரத் தொரத்திக்கினு வந்தேன்" என்றேன். ஒரு பிடி கடலைச் செடியைத் தரணி மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

தரணி புளிசாதம் இரண்டு தரம் வாங்கினாள். என் தட்டிலிருந்து ஒரு வறுவல் எடுத்தாள், அவள் தட்டிலிருந்து ஒன்று எனக்கு வைத்தாள். 6.02க்குக் கை கழுவியாயிற்று. ஒரு நிமிஷம் மிச்சம். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அவளுக்கே சொன்னேன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கடலை உரிக்கப் போனாள்.

அப்புறம் இவரைப் பிடித்தேன். மலைக்கு அந்தாண்ட இருக்கிற பள்ளிக்கூடத்தில்தானே இவருக்கு இருபத்தாறு வருஷம் வாத்தியார் வேலை. "ஏங்க, ஒங்களுக்குத் தெரியும்தான?"

தலையைச் சொறிந்தார். "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கற நாளு இங்கதான் டிபன் சாப்டுவேன். ஆறு மணி வரைக்கும் வெயிலு இருக்கும்."

"நாப்பத்தோரு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா எங்கம்மா அந்த இருபது நிமிஷத்துக்கும் ஒனக்கு ஒரு வேல வெச்சிருப்பாங்க. சீக்கிரம் சாப்ட்டு முடிச்சாத்தான் நீ செத்த என் பக்கத்துல ஒக்காருவ. அது ஒண்ணுதான் எனக்குக் கெடைக்கும்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். தூக்கை அடுக்கினேன். கண் கலங்கியதற்கு அடுப்புப் புகை என்று சொல்லவும் அங்கே வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் தரணி போனில்: "அப்பா, நாளைக்கு வராத. ஞாயித்துக்கிழமையே வா. எங்களுக்கு வேல இருக்குது."

அக். 5, ஞாயிறு

வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்தாண்டதான் சாப்பாடு. நேற்று நேமியையே வரச்சொல்லி நாலு பேர். காலையில் கிளம்பிவிட்டார்கள். பஸ் போனபிறகும் இவர் கொஞ்ச நேரம் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

விட்டுப்போனது: ஹேர் கிளிப் ஒன்று, ஒற்றை சாக்ஸ், தலையணைக்கு அடியில் வேர்க்கடலைத் தோல்.

5.15க்கு வீட்டிலேயே சாப்பிட்டோம்.

அக். 6, திங்கள்

வெயில். ரேஷனில் பருப்பு வாங்கியாயிற்று. முழங்காலுக்குத் தைலம். மாடி அறை பூட்டவில்லை, இருக்கட்டும்.

மா. 5.20. சாதம் வடித்து, தட்டு இரண்டு எடுத்து வைத்தேன். போன் அடித்தது. தரணி. வீடியோவில் அவளைவிட அவள் தட்டுதான் பெரிதாகத் தெரிந்தது. எதிரே கட்டடங்கள், நடுவில் கொஞ்சம் வானம், அதில் வெயில்.

"ஆயா, சாப்ட்டியா?"

"இல்லடி. இப்பதான் தட்டு வெச்சேன்."

"அத எடுத்துத் தூக்குல போடு. நான் பால்கனில வெய்ட் பண்றேன். அந்தாண்ட போய்ட்டு கூப்புடு, ஒண்ணா சாப்டலாம்."

திரும்பிப் பார்த்தேன். இவர் ஏற்கெனவே ஸ்கூட்டரை வாசலில் இறக்கியிருந்தார்.