புல்லுக்கோர்ட்டு

என் சரசுவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இன்றைக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. உன் மகள் தேவி என்னை மடக்கிவிட்டாள்.

நம் பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் மைதானம் ஞாபகம் இருக்கிறதா? மழை விட்டால் கணுக்கால் உயரத்துக்குப் புல் முளைத்துக் கிடக்கும். ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் பி.டி. சார் “ஃபுல் கோர்ட் பிரஸ்” என்று கத்தினார். எதிரணி பந்தை எடுத்த நொடியிலிருந்து மைதானம் முழுக்க விரட்டி மறிக்க வேண்டும் என்று அர்த்தமாம். நமக்கு எங்கே தெரிந்தது? புல்லை அமுக்கச் சொல்கிறார் என்று நினைத்து, பந்தை விட்டுவிட்டு இரண்டு பேரும் கோட்டோரம் மிதித்துக்கொண்டிருந்தோம்.

“ஏன் கண்ணுகளா, என்ன பண்றீங்க?” என்றார் சார்.

“நீங்கதானுங்க சார் புல்லுக்கோர்ட்ட பிரஸ் பண்ணச் சொன்னீங்க” என்றாய் நீ, கொஞ்சமும் சிரிக்காமல்.

அப்புறம் அது நம் வார்த்தையாகிவிட்டது. ஓர் ஆளை நாலு பக்கமும் மறித்து, மூச்சுவிடாமல் கேட்டுக் காரியம் சாதித்தால் அது புல்லுக்கோர்ட்டு. என்னைச் சேலத்துக் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன் என்று என் அப்பா சொன்னபோது, அவரைக் காப்பிக்காட்டில் மறித்தாய். அம்மாவை அடுப்படியில் பிடித்தாய். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரைக்கூட பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, அப்பாவிடம் பேசச் சொன்னாய். நாலாம் நாள் அப்பா, “போய்ப் படி சாமி, அந்தப் புள்ள தொல்ல தாங்க முடீல” என்றார்.

உனக்கு நான் அப்படிச் செய்யவில்லையே சரசு. மார்பில் கட்டி என்று சொன்னாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றேன். “காப்பி பறிப்பு முடியட்டும்டி” என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். ஏன் ஒரே தடவையோடு நிறுத்தினேன்?

இப்போது எனக்கும் ஒன்று தட்டுப்படுகிறது. சின்னதுதான், இடது பக்கம். பேச்சுவாக்கில் தேவியிடம் சொல்லிவிட்டு, பறிப்பு முடியட்டும், ஆபீஸில் ஆள் இல்லை என்றேன். அன்றே பிடித்துக்கொண்டாள். காலையில் அவள் போன், மத்தியானம் அவள் ஏவிவிட்ட என் வீட்டுக்காரர், சாயங்காலம் கிளியூரிலிருந்து என் தங்கை. நேற்று தேவியே தன் ஊர் வெள்ளக்கடையிலிருந்து வண்டியில் வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க கெளம்பற வரைக்கும் நான் ஊட்டுக்குப் போக மாட்டனுங்க சின்னம்மா.”

“என்னடி, புல்லுக்கோர்ட்டா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க. ‘உங்க சின்னம்மாகிட்ட ஒருக்கா கேட்டுப்போட்டு உட்றாத’ன்னு அம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போது சொல்லுச்சுங்க.”

அந்த நிலைமையிலும் என்னைப் பற்றியா யோசித்துக்கொண்டிருந்தாய்? என்மேல் உனக்குக் கோபமே இல்லையா?

நாளைக்கு முதல் பஸ்ஸில் தேவியோடு சேலம் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டாக்டர் சொல்வதை முழுசாகக் கேட்காமல் திரும்பி மலை ஏற மாட்டேன். நீ தாமதமாகப் போன ஆஸ்பத்திரிக்கு, உனக்கும் சேர்த்து, நேரத்தோடு போகிறேன்.

உன் மகளுக்குச் சின்னம்மா,
மல்லிகா