கால் எட்டாத வண்டி

அம்சாக்கா,

மின்சார சைக்கிள் தேர்ந்தெடுப்பதில் இந்தத் தங்கவயலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சைக்கிளே ஓட்டிப் பழகாத உனக்கு, சுரங்கக் கழிவு மண் மலையாய்க் குவிந்த சயனைடு மேட்டையே ஏறுகிற வண்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தவன் நான். நீ வேலைக்குப் போக ரயில் ஏறுவது ஊரிகம் ஸ்டேஷனில், வழியில் மேடே இல்லை என்பது நேற்று நீ விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"டேய் ஹரிஷு, கால் எட்டலடா, அந்தக் குள்ள வண்டியே போதும்" என்று கடையிலேயே சொன்னாய். "இன்னாக்கா, வண்டி வாங்க வந்தியா, ஸ்டூல் வாங்க வந்தியா?" என்று கடைக்காரர் எதிரிலேயே கேட்டேன். நேற்று ரயிலுக்கு நின்ற கும்பல் முன்னால் நீ விழுந்தபோது சிரித்ததும் நான்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

இனி சைக்கிளைத் தொடவே மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே அக்கா.

உன்னை எழுப்பவில்லை. தயிர் சாதம் பிசைந்து வைத்திருக்கிறேன். டப்பா மூடியை அழுத்தவில்லை, ஒரு கையாலேயே திறக்கலாம். மங்கம்மா அத்தை பார்க்க வந்தால், மாடு குறுக்கே வந்தது என்று சொல்லிவிடு.

வேண்டாம். என்னால்தான் என்றே சொல்.

ஹரிஷ்

பி.கு: வண்டி எங்கே என்று தேடாதே. கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்றார். எனக்கும் ஓட்டத் தெரியாது என்பதால் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

இன்னொன்று. நம் இரண்டு பேருக்கும் ஒரே உயரம். அந்தக் குள்ள வண்டியில் நானே உட்கார்ந்து, ரெண்டு காலும் தரையில் படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்து வருவேன்.