இன்ஸ்பெக்டரம்மாவின் முன்பல்

பிப்ரவரி 3

லிஃப்ட் ரிப்பேர் வேலை இன்று சீக்கிரமே முடிந்தது. கை கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவி, கிரீஸ் வாடை போன பிறகுதான் குழந்தையைத் தூக்கினேன். தூக்கியதும் அலறல். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கதை. புருவத்தைச் சுருக்கி என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள், திருட்டுப் பொருளோடு அகப்பட்டவனைப் பார்ப்பது போல. அதனால்தான் இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்தேன்.

இவள் பிறப்பதற்கு முன்பே இவள் அப்பா இறந்துவிட்டார். அவர் இடத்தைப் பிடிக்க நான் வரவில்லை. ஆனால் எனக்கு எந்த இடம்?

பிப்ரவரி 9

ஜொள்ளு ஆறாக ஓடுகிறது. மோவாய் சிவந்து கிடக்கிறது. மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "பால் குடிச்சதும் ஈறைத் துடைக்கணுங்க. மெல்லிசு துணியை நனைச்சு, விரல்ல சுத்தி, மெதுவா. நீங்களே பண்ணுங்களேன், எனக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பண்ணினேன். அழவில்லை! என் விரலைக் கவ்விக்கொண்டு, கண் சொருக, சுகமாகக் கடித்தாள். கீழ் ஈறில் நொய்யரிசி போல ஏதோ உரசியது. பல்! கண்டுபிடித்தவன் நான். கடைக்கே போன் போட்டேன். மாத்திரை வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி மனைவி சந்தோஷத்தில் கத்திவிட்டாளாம்.

பிப்ரவரி 10

விரல் வலிக்கிறது. வலிக்கட்டும்.

மார்ச் 1

பிரஷ் வாங்கியாச்சு. அதன் தலை என் சுண்டுவிரல் நகம் அளவுதான். பேஸ்ட் ஓர் அரிசி அளவுக்கு மேல் கூடாதாம். புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பழக்கத்தையும் நிறுத்தினோம், பல் சொத்தையாகிவிடும் என்று. வீடே போர்க்களம். தூங்கவைக்கத் தட்டித் தட்டி என் கை கழன்றது.

மே 6

மேலேயும் இரண்டு முளைத்துவிட்டன. இன்று என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று எழுத ஆசை. எனக்குப் பின்னால் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜூன் 14

எழுதக் கை வரவில்லை.

மனைவி கடைக்குப் போயிருந்தாள். குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் கஞ்சி பொங்கியது, அணைக்கப் போனேன். மடேர் என்று சத்தம் — மேசை விளிம்பில் முகம். வாயெல்லாம் ரத்தம். மேல் முன்பல் ஒன்று உள்பக்கம் சாய்ந்திருந்தது. ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்! ஈரத் துணியை ஈறில் அழுத்திப் பிடித்தபடியே பல் டாக்டரிடம் ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை.

"ஆடுது, ஆனா பிடிப்பு இருக்கு. நோண்டாம விடுங்க. குழைவா ஊட்டுங்க, ஈறைச் சுத்தமா வச்சுக்கங்க" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் மனைவியின் அண்ணன் வந்தார். "சொந்த ரத்தமா இருந்தா கண்ணு வேற பக்கம் போயிருக்குமா?"

மனைவி ஒன்றும் பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 15

நான் துணியைத் தொடவில்லை. மனைவியே துடைக்கப் பார்த்தாள். உதட்டை இறுக்கி, தலையைத் திருப்பி, ஒரே ரகளை. கடைசியில் மனைவி துணியை என் மடியில் போட்டாள்.

"ஏன் ஒதுங்கி உட்கார்ந்திருக்கீங்க? அவ உங்களைத்தான் பாக்குறா."

"உங்க அண்ணன் சொன்னாரே..."

"நான் பக்கத்துல இருக்கும்போதே கட்டில்லேர்ந்து விழுந்திருக்கா. அப்ப என் ரத்தம் எங்க போச்சு? அண்ணன்கிட்டயும் போன்ல இதையேதான் கேட்டேன். நேத்து பயத்துல எனக்குப் பேச்சே வரலீங்க."

கை கழுவிக்கொண்டு வந்தேன். "ஆ" என்றேன். திறந்தாள். வீங்கிய இடத்தைத் தொட்டதும் முகம் கோணியது. வாயை மட்டும் மூடவில்லை.

ஜூலை 2

பல் ஆடுவது நின்றுவிட்டது. மச்சான் வந்தார். மன்னிப்பெல்லாம் இல்லை. மேசை விளிம்பில் ஒட்டுவதற்கு ரப்பர் பட்டை வாங்கி வந்திருந்தார். தரையில் மண்டி போட்டு அவரே ஒட்டினார். "மாப்பிள்ளை, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன்.

ஆகஸ்ட் 20

மறுபடி பல் டாக்டர். அவர் கையை நீட்டியதும் இன்ஸ்பெக்டரம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். பக்கத்தில் அம்மா இருந்தும்!

பல் லேசாகச் சாம்பல் பூத்திருக்கிறது. "இப்போதைக்குத் தொந்தரவு இல்லை, அப்பப்போ கூட்டிட்டு வாங்க. பால்பல்தானே, ஆறேழு வயசுல தானா விழுந்து புதுசு முளைக்கும்" என்றார்.

தெருவில் வரும்போது மனைவி சொன்னாள்: "அது விழற அன்னைக்கு நீங்க லீவு போட்டுடணும், ஆமா. ரத்தம் பார்த்தா எனக்கு ஆகாது."

சரி என்றேன். ஆறு வருஷம் கழித்து, தேதி தெரியாத ஒரு நாளுக்கு லீவு வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.