கடிகாரத்துக்கு ஒரு ரூபாய்

இன்று காலை உன் கடிகாரம் ஏழே காலில் நின்றுவிட்டது. பேட்டரிதான், மாற்றினால் ஓடும். ஆனாலும் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆபீசுக்கு நேரமாவதுகூட உறைக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. நீ அதையும் தாண்டினாய். எங்கள் பல்கலைக்கழகத்துக்குச் சீன மொழி கற்றுக்கொடுக்க வந்தவள், அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டு, பார்க்கிற எல்லாவற்றுக்கும் 'ங்க' சேர்த்தாய். வராந்தாவில் படுத்திருக்கும் பூனையிடம், "கொஞ்சம் நகருங்க, பூனைங்க" என்பாய். நான் சிரித்தால் உனக்குக் கோபம் வரும். இந்த மடலில் மட்டும் 'நீ' என்கிறேன், பொறுத்துக்கொள்.

நம் வளாகத்தில் நீ கொண்டாடியது ஒரே ஒரு சீனப் புத்தாண்டு. விடுதி மெஸ் முழுக்கச் சிவப்புக் காகிதம். நற்பேறு என்று பொருள்படும் எழுத்தை, அது வந்து இறங்கட்டும் என்று, வேண்டுமென்றே தலைகீழாக ஒட்டியிருந்தாய். மெஸ் மாஸ்டர், பாவம், பிள்ளைகள் தப்பாக ஒட்டிவிட்டதாக நினைத்து அத்தனையையும் நேராக்கிவிட்டார். மாணவர்கள் மாவு தேய்க்க, கோஸும் கேரட்டும் இஞ்சியும் வைத்து நீ மடித்தாய். "நம்ம கொழுக்கட்டைதானுங்க இது" என்று மாஸ்டர் சொன்னதை நீ கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

போத்தனூரில் எந்தப் புதுவீட்டு விசேஷம் என்றாலும் சுவர்க்கடிகாரம்தான் எங்கள் பரிசு. உன் புத்தாண்டுக்கும் அதையே வாங்கி, பளபளக்கும் காகிதம் சுற்றி, அன்று மெஸ்ஸில் உன்னிடம் நீட்டினேன். பிரித்ததும் உன் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் கையில் திணித்தாய்.

"ஏனுங்க, கிஃப்டுக்குப் போய் ஆராச்சும் காசு வாங்குவாங்களா? வேண்டாமுங்க."

"வாங்கிக்கோங்க. ஒண்ணே ஒண்ணுங்க."

"ஐயோ, நல்லாருக்காதுங்க."

மூன்று முறை நீட்டினாய். மூன்று முறையும் மறுத்தேன். நீ நாணயத்தோடு சமையலறைக்குள் போய்விட்டாய். அந்தக் கொழுக்கட்டையைச் சாப்பிடும்போது என் பல்லில் ஏதோ நறுக்கென்று இடித்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு ரூபாய். யாருக்குக் காசு கிடைக்கிறதோ அவருக்கு வருடம் முழுக்க யோகம் என்று மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை. நீயும் கைதட்டினாய், எல்லோரையும்விட அதிக நேரம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது "போறேனுங்க" என்றாய். நான் பதறி உன் வாயைப் பொத்தினேன். "அப்படிச் சொல்லப்படாதுங்க. வாரேன்னு சொல்லோணும்."

"வாரேனுங்க" என்று உடனே திருத்திக்கொண்டாய்.

முதலில் காய்ச்சல் என்று தகவல் வந்தது. பிறகு ரத்தத்தில் நோய் என்றார்கள். நீ வரவில்லை. உன் அறையைக் காலி செய்த அன்று, சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

போன வாரம், இந்த வருடப் புத்தாண்டு விழாவின் விருந்தினருக்குக் கடிகாரம் வாங்கலாமா என்று, உன் இடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் பதறிப்போனார். 'கடிகாரம் கொடுப்பது' என்பதும் 'இறந்தவரைக் கடைசியாக வழியனுப்புவது' என்பதும் உங்கள் மொழியில் ஒரே ஒலியாம். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால், பதிலுக்கு ஒரு காசாவது கொடுத்துவிட வேண்டுமாம். அப்போது அது பரிசு ஆகாது, விலைக்கு வாங்கியதாகிவிடும்.

'போறேன்' என்ற ஒரு சொல்லுக்கே உன் வாயைப் பொத்தியவள் நான். அதைவிடக் கொடிய சொல்லை உனக்குக் காகிதம் சுற்றிக் கொடுத்து, நீ நீட்டிய பரிகாரத்தையும் தட்டிவிட்டிருக்கிறேன். மரியாதையாம், மரியாதை! நேரே மெஸ்ஸுக்குப் போய் மாஸ்டரிடம் சொல்லி அழுதேன்.

"அழுவாதீங்க அம்மணி. அன்னைக்கு அந்தக் காசக் கழுவி உள்ள வெச்சதே அவியதானுங்க. கொழுக்கட்ட ஓரத்துல கிள்ளி அடையாளம் பண்ணி, இது உங்க தட்டுக்குத்தான், மாத்திப்போடாதீங்கன்னு ரெண்டு தடவ சொல்லிப்போட்டுப் போனாங்க" என்றார் அவர்.

ஆக, என் வாயில் இடித்தது யோகம் இல்லை, விலை. நான் மறுக்க முடியாத வழியாகப் பார்த்து, என் மனம் நோகாமல் கொடுத்துவிட்டாய். அப்படிக் கொடுத்தும் போய்விட்டாயே என்று உன்மேல் ஆத்திரமாக வருகிறது. இப்போதும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த நாணயத்தை நான் செலவழிக்கவில்லை. பர்ஸில் தனியாக இருக்கிறது. பேட்டரி மாற்றியாகிவிட்டது, நீ விலை கொடுத்து வாங்கிய கடிகாரம் என் வீட்டுச் சுவரில் ஓடுகிறது. உன் பொருள், பத்திரமாக வைத்திருக்கிறேன். வாரேனுங்க என்று சொன்னவள் நீதானே.