ஓரகத்தியின் கழுத்தில் தொங்கும் அட்டை

அனுப்புநர்:
விண்ணப்ப எண் 14-க்கு உரியவர், இல்லத்தரசி,
ரொட்டிக்கடைக்குப் பின்புறம், மாடி வீடு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: புறநோயாளிகள் கூடத்தில் படிவம் எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர் தேர்வில் நேர்ந்த பிழையைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் அறையில் இருந்தவர்கள்: தாங்கள், தலைமைச் செவிலியர், பதிவு எழுத்தர், வாசல் காவலாளி, என் கணவருடைய தம்பியின் மனைவியாகிய என் ஓரகத்தி, கதவோரம் நான். ஆக ஆறு பேர். சிரித்தவர்கள் நால்வர். தாங்கள் சிரிக்கவில்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

2. எங்கள் இருவர் விண்ணப்பத்திலும் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் ஒரே வரிகள் இருந்தன. "என்னம்மா, அவங்களைப் பார்த்து எழுதிட்டீங்களா?" என்று எழுத்தர் கேட்டார். தன்னார்வலர் அட்டை ஓரகத்திக்குப் போயிற்று.

3. உண்மை இதுதான். அவருடைய விண்ணப்பத்தையும் நிரப்பியவள் நானே. "அக்கா, உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும், எழுதிக் கொடுங்க" என்றார். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட எனக்குக் கை வராது. அவருக்கு அனுபவம் ஏதுமில்லாததால் என்னுடையதையே எழுதிவிட்டேன். அது பொய். சாமி முன் ஒப்புக்கொண்டாயிற்று. இப்போது தங்கள் முன். ஆனால் என் படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற இடத்தில், 'பள்ளிக்குப் போனதில்லை, வீட்டிலேயே கற்றது' என்று உள்ளதை எழுதினேன்.

4. மூன்று ஆண்டுகளாக, சமையல் முடித்து, அட்டை ஏதுமின்றி அந்தக் கூடத்தில் எழுதி வருகிறேன். என் நோட்டில் உள்ளபடி ஆயிரத்து நூற்று எட்டுப் பேர். ஓரகத்தி இந்த வாரம் எழுதியது ஒன்பது. அதில் நான்கில் வயதும் எடையும் இடம் மாறியுள்ளன. எழுபது வயதுக்காரர் ஒருவர் ஐம்பத்திரண்டு வயதாகி மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்.

5. அவரிடம் குறை மட்டுமே என்று சொன்னால் பாவம். அழுதுகொண்டு வருபவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புகிறார். எனக்கு அது வராது.

6. வீட்டில் அந்த அட்டை சமையலறை ஆணியில் தொங்குகிறது. "சின்னவளுக்கு அட்டை, பெரியவளுக்குக் கரண்டி" என்கிறார் மாமியார். "வீட்டுல செய்யறதும் சேவைதானே, விடு" என்கிறார் கணவர். கும்பிடக் கண்ணை மூடினாலும் அந்த அட்டைதான் வந்து நிற்கிறது. யாரும் இல்லாதபோது ஒருமுறை என் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். இதையும் மறைக்கவில்லை.

7. முதல் தேதியிலிருந்து அட்டை இல்லாதவர்களை உள்ளே விட மாட்டோம் என்று காவலாளி சொல்லிவிட்டார். வியாழன்தோறும் பார்வை மங்கிய முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவர் வருவார். "எழுதற அம்மா எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். தமக்குள்ள நோயை வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

8. இம்மனுவின் முதல் பிரதியில் ஓரகத்தியின் அட்டையைத் திரும்பப் பெறுமாறு கேட்டிருந்தேன். மறுநாள் விளக்கேற்றிவிட்டுப் படித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். அட்டை அவரிடமே இருக்கட்டும். எங்கள் இருவரையும் ஒரே நோயாளி முன் உட்காரவைத்துத் தாங்களே சோதித்துப் பாருங்கள். எனக்குத் தகுதி உண்டென்று தோன்றினால் எனக்கும் ஓர் அட்டை தர வேண்டுகிறேன்.

முதல் தேதிக்குள் பதில் அளிக்கக் கோருகிறேன். உண்டு, இல்லை என்று ஒரு வரி போதும். அதை ஓரகத்தியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், தபாலில் அனுப்புங்கள். நானே படித்துக்கொள்வேன்.

தேதி: 22
இடம்: மாடி வீடு

பணிவுடன்,
(கையொப்பம்)
விண்ணப்ப எண் 14