பதினான்கு மாத வண்டியில் துரு

மார்ச் 3, செவ்வாய்

பிக்கப் வண்டியின் பின் தட்டில் துரு. வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. டிரைவர் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். மூலைகளில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் உதிர்கிறது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை நம் சலவைக்கூடத்திலிருந்து ஏற்றிப் போகும் வண்டி. ஒரு விரிப்பில் துருக்கறை பட்டால் மூட்டையே திரும்பி வரும். வாரண்டி ஐந்து வருடம். கம்பெனிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

மார்ச் 5, வியாழன்

பதில் இல்லை. காலம் தவறாமை என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போயிற்று.

மார்ச் 9, திங்கள்

ஷோரூமிலிருந்து பரிசோதிக்க ஒருவர் வந்தார். இஸ்திரிச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்தார். மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். தட்டின் மூலையிலிருந்து ஏதோ வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுத்தார்.

"எதுல கழுவுறீங்க மேடம்?"

"சுத்தமான தண்ணீரில்" என்றேன்.

பின்னால் டிரைவர் தார்ப்பாயை மடிக்கும் சத்தம் நின்றது.

"அப்ப இது உப்புதான். உங்களுக்குத் தெரியாம டிரைவர் மீன் லோடு அடிக்கிறாரான்னு பாருங்க" என்று சிரித்தார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமைதோறும் தொட்டியில் மிஞ்சும் பிளீச்சிங் தண்ணீரை வண்டியில் ஊற்றித் தேய்க்கச் சொன்னது நான். கிருமியும் சாகும், தண்ணீரும் வீணாகாது என்று. சின்ன வயதில் கான்வென்ட் விடுதியில் தரையை அப்படித்தான் தேய்த்தோம் — தரை என்ன இரும்பா?

முதல் மாதமே டிரைவர் சொன்னார்: "அம்மா, இது தகரத்தை அரிச்சிரும்மா."

"சுத்தத்தைப் பத்தி எனக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம்" என்றேன்.

நேற்று மறந்துபோய்ச் சொன்னேனா? இல்லை. ஷோரூம்காரர் கேட்ட நொடியிலேயே எனக்குத் தெரியும். என் கணவர் போனபின் பன்னிரண்டு வருடம் இந்தக் கூடத்தை ஒரு பொய் இல்லாமல் நடத்தினேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள்.

மார்ச் 17, செவ்வாய்

கம்பெனியின் கடிதம். சிவப்புப் பேனாவால் மூன்று பிழைகளை வட்டமிட்ட பிறகுதான் விஷயத்தைப் படித்தேன். உப்புச் சரக்கு ஏற்றவில்லை, வெறும் தண்ணீரில்தான் கழுவினேன் என்று டிரைவர் கையெழுத்திட்டுத் தந்தால் தட்டை மாற்றித் தருவார்களாம்.

மகள் போனில் சொன்னாள்: "ஒரு கையெழுத்துதானேம்மா. மாட்டேன்னா ஆளை மாத்துங்க. நிஜமாவே மீன் ஏத்தியிருந்தா?"

"அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"அப்ப துரு எப்படி வந்துச்சு?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். எழுபத்தொரு வயதில்.

மார்ச் 18, புதன்

அந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதி நீட்டினேன். டிரைவர் நின்றபடியே எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"உப்பு லோடு ஏத்தலைங்கறது நிஜம்மா. தண்ணி விஷயத்துல என்னால கையெழுத்துப் போட முடியாது."

வண்டிச் சாவியைக் காகிதத்தின் மேல் வைத்தார்.

"அன்னிக்கே அந்த ஷோரூம்காரர்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன் — அப்போதும் பழியை அந்தப் பக்கம் தள்ளத்தான் பார்த்திருக்கிறேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேம்மா."

குரலில் கோபமே இல்லை. திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா அந்த மனுஷன். இந்த முகத்த எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்.

மார்ச் 19, வியாழன்

அவர் வரவில்லை. விரிப்புகள் வாடகை வண்டியில் போயின.

மார்ச் 20, வெள்ளி

சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரவில்லை. "என்கூட ஷோரூம் வரைக்கும் வாங்க" என்றேன். பஸ்ஸில் போனோம், ஆளுக்கொரு ஜன்னலோரம்.

மேனேஜர், பரிசோதித்தவர், கார் வாங்க வந்த யாரோ ஒரு குடும்பம் — எல்லோர் முன்னாலும் சொன்னேன். "பிளீச்சிங் தண்ணியை ஊத்தச் சொன்னது நான். இவர் வேண்டாம்னார். அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

பரிசோதித்தவர் எழுந்து, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றார் டிரைவரிடம். மேனேஜர், இனி வாரண்டி கிடைக்காது என்றார். தெரியும் என்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாவியை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துத்தான் வாங்கினார்.

"பட்டறையில ஒட்டுப் போட்டுக்கலாம்மா."

மார்ச் 28, சனி

ஒட்டுப் போட்டாயிற்று. பெயின்ட் நிறம் பொருந்தவில்லை, வாசலிலிருந்தே தெரிகிறது. தெரியட்டும்.

இன்று கழுவும் நாள். குழாய்த் தண்ணீரை நானே வாளியில் பிடித்து வைத்தேன். டிரைவர் தூக்கினார். ஊற்றுவதற்கு முன் குனிந்து, வாளியை முகர்ந்து பார்த்தார்.

அவர் பார்த்து முடிக்கும்வரை நின்றேன்.