பாலை நான் தப்பான பக்கம் எழுதினேன்

என் காவியாவுக்கு,

காய்ச்சல் என்று உன்னைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனபோது, நாம் பேசாமலிருந்து நான்கு நாளாகியிருந்தது. அது வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. நீ திரும்பி வந்ததும் பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். உன்னை ஆம்புலன்சில் மூடித்தான் கொண்டு வந்தார்கள்.

நேற்று அறிவியல் கண்காட்சி முடிந்தது. நம் அட்டையும் அங்கே இருந்தது. சமையலறைப் பொருள்களை இடப்பக்கம் தூய பொருள்கள், வலப்பக்கம் கலவைகள் என்று பிரித்தோமே, அதேதான். சர்க்கரை, சமையல் சோடா இடப்பக்கம். ரசம், தேன், மிக்சர் வலப்பக்கம். அதுவரை நமக்குள் தகராறே இல்லை. பாலில்தான் வந்தது.

"இதுல யாரும் எதையும் கலக்கல. மடியில இருந்து அப்படியே வருது. அப்ப இது தூய பொருள்தான்" என்றேன்.

நீ சிரித்தாய். "நீ பாக்கெட்டுப் பாலைப் பாத்தவ. தெனம் வெள்ளனே சொசைட்டிக்குப் பால் கொண்டு போறது நான்தான? எங்க செவலை பால்ல கொழுப்பு கூட இருக்கும், கருப்பிக்குக் கம்மி. ஒரே பொருள்னா மாட்டுக்கு மாடு எப்படிடி மாறும்?"

எவ்வளவு நல்ல கேள்வி! தூய பொருளின் இயைபு, அதாவது அதில் எது எவ்வளவு இருக்கிறது என்பது, எங்கே எடுத்தாலும் மாறாது என்று நம் புத்தகத்திலேயே இருக்கிறது. நான்கு முறை படித்திருந்தேன். ஆனால் அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. "சாணி அள்ளுறவ எனக்குச் சயின்ஸ் சொல்லித் தராத" என்று சொல்லிவிட்டு, பாலை இடப்பக்கம் எழுதினேன். நீ உன் பேனாவை மூடி வைத்தாய்.

நீ போன பிறகு ஒரு டம்ளர் பச்சைப் பாலை எங்கள் வீட்டுச் சன்னலோரம் வைத்தேன். எங்கள் அட்டுவம்பட்டி மலைக் குளிரில் அது கெடவில்லை. காலையில் மேலே மஞ்சளாக ஏடு, கீழே வெளிறிய பால். தானாகவே பிரிந்து நின்றது. யாரிடம் ஓடிப் போய்ச் சொல்வது?

பால் தப்பான பக்கம் இருப்பதைச் சொன்னதும் டீச்சர் புது அட்டை எழுதச் சொன்னார். எழுதியிருந்தால் என் தப்பு யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பழைய அட்டையிலேயே பாலை அடித்து, வலப்பக்கம் எழுதினேன். பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன்: மாட்டுக்கு மாடு கொழுப்பின் அளவு மாறுகிறது, சொன்னவர் காவியா.

உங்கள் ஊர் பள்ளங்கியிலிருந்து உன் அம்மா வந்திருந்தார்கள். அடித்த இடத்தில் விரலை வைத்தார்கள்.

"இது என்ன தாயி, எம்புள்ள தப்பா எழுதிட்டாளா?"

"இல்லம்மா. தப்பு என்னோடது. அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் அவளைச் சாணி அள்ளுறவன்னு சொல்லிட்டேன்."

அவர்கள் அட்டையிலிருந்து விரலை எடுத்தார்கள். பிறகு, "அதான் அந்த நாலு நாளும் பால் கொண்டு போக மாட்டேன்னு கெடந்தாளா" என்றார்கள். திட்டவில்லை, காவியா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவ பேரு இருக்கிற வரிய வாசி" என்றார்கள். வாசித்தேன். "இன்னொருக்கா." மறுபடியும் வாசித்தேன். சுற்றிலும் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

நீ என்னை மன்னித்தாயா என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் அரைப் பரீட்சை லீவு விட்டதும் உங்கள் தொழுவத்துக்குச் சாணி அள்ள வருவேன். விடிவதற்குள் வந்து நிற்பேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கும் சொல்கிறேன்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள், நீ ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத உன் அக்கா,
ஜெனிபர்